பட்டு இழைக் கல்

மரியநாயகத்தைப் பொலிஸ் பிடித்துப்போய் ஒன்பது நாள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்றே தெரியவில்லை.

“என்ன குற்றமெண்டும் சொல்லுறாங்களில்லை அண்ணை,” என்று அழுதாள் மனைவி பிறிஜெற்.

“மாதா கைவிடமாட்டா, தங்கச்சி,” என்றார் கிளறன்ஸ். கொழும்பு கொட்டாஞ்சேனையில் மரியநாயகத்தைப் போலவே அரிய கற்கள் சேர்க்கும் பைத்தியம் அவருக்கும் இருந்தது. கண்கள் அலுமாரியை மேய்ந்தன. “அந்த சிலிமனைற் கல் இஞ்ச கிடந்தா, திரும்பச் செக் பண்ண வாறவங்கள் கொண்டுபோயிடுவாங்கள். நான் வச்சிருக்கிறன்.”

பட்டுநூல்போல் இழை இழையாய் மினுங்கும் அந்தக் கல்லை அவர் கேட்டு மூன்று வருடம். மரியநாயகம் கொடுக்கவேயில்லை.

பிறிஜெற் ஒரு பொட்டலத்தை நீட்டினாள்.

“உங்கட பிறந்தநாளுக்குக் குடுக்கவெண்டு, பிடிபட முதல்நாள்தான் சுத்தி வச்சவர்.”

கிளறன்ஸ் வாங்கிப் பிரித்தார்; உள்ளே அந்தக் கல். மரியநாயகம் புலிகளுக்கு உதவுகிறார் என்று பொலிசுக்கு அவர் மொட்டைக் கடிதம் எழுதியது இந்தக் கல்லுக்காகத்தான்.