ஆல் விட்ட விழுது

ஒரு வீட்டுக் கூடத்தில் முழங்கை உயரமே இருந்த போன்சாய் ஆலமரம் முதன்முதலாக விழுது விட்டது. தொட்டி மண்ணைத் தொட ஒரு விரற்கடைதான் பாக்கி. அதைப் பார்த்துவிட்டுக் கத்தரிக்கோல் ஓடி வந்தது.

"ஏன்டி, உனக்கு விழுது ஒரு கேடா? குட்டையா இருந்தாத்தான் அழகு. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

ஆலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கிளையை வெட்டினப்பவும் இதையேதான் சொன்னே. வேரை வெட்டினப்பவும் இதையேதான் சொன்னே. விழுதைத் தொட்டே, நடக்கிறதே வேற!"

"அடேயப்பா, மகாராணிக்குக் கோபத்தைப் பாரு!" என்று இளித்தபடி கத்தரிக்கோல் குறுக்கே இருந்த கிளையைக் கடித்தது. குபுகுபுவென்று வழிந்த பால் அதன் அலகு இரண்டையும் பிசினாக ஒட்டிவிட்டது. எவ்வளவு முக்கியும் வாய் திறக்கவில்லை.

"இப்போ சொல்லுடி" என்றது ஆல்.

சில நாளில் விழுது மண்ணைத் தொட்டது. அப்போதும் ஆலின் கோபம் ஆறவில்லை.