குறுக்கே நின்ற மரம்

அன்று இந்துவுக்கு பைலட் லைசென்ஸ் பரீட்சை. தேயிலைக் காட்டுக்கு நடுவே இருந்த குட்டி ஓடுதளத்தின் ஓரத்தில் அவள் அப்பா பெரியமுத்துவும் அம்மா சாந்தம்மாளும் அண்ணாந்து பார்த்து நின்றார்கள்.

"ஓடுதளமே கையகலம். அது முனையில பனை உசரத்துக்கு ஒரு சில்வர் ஓக் மரம். பிள்ளை எப்படித்தான் தாண்டி இறங்குதோன்னு ஒரு மாசமா எனக்கு உறக்கமில்ல" என்றாள் சாந்தம்மாள்.

"இனிமே நல்லா உறங்கு. மேனேஜர்கிட்ட பெர்மிஷன் வாங்கி, மரம் வெட்டுற அருண்பாண்டியை மெஷினோட வரச்சொல்லி, காலையிலேயே மரத்தைச் சாய்ச்சாச்சு. அவகிட்ட சொல்லல. பார்த்து அசந்துருவா!" என்றார் பெரியமுத்து.

விமானம் தாழ வந்தது. இறங்காமல் விருட்டென்று மேலேறிப் போனது. மறுபடி வந்தது; மறுபடி மேலேறியது. மூன்றாவது தடவை உள்ளே கூட இருந்த பரீட்சை அதிகாரியே இறக்கினார்.

இந்து முகம் சிவக்க வந்தாள். "யாருப்பா அந்த மரத்தை வெட்டுனது?"

"நாந்தான் தாயி. உனக்கு இடைஞ்சலா இருந்துச்சே!"

"இடைஞ்சலா? அதைத் தாண்டுன உடனே எஞ்சினைக் குறைச்சா சரியா இறங்கிரலாம். எனக்கு அடையாளமே அதான்ப்பா! பரீட்சை போச்சு."

பெரியமுத்து தலையில் கைவைத்துக்கொண்டார்.

"சரி, விடுங்க. அடுத்த மாசம் இன்னொரு சான்ஸ் தந்திருக்காங்க. ஓடுதளத்தோட அந்த முனைப் பக்கமா இறங்கிக்கிறேன். அங்கதான் பெரிய யூக்காலி மரம் நிக்குதே!"

பெரியமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தப் பக்கமாக ஓடினார்.

"ஏலே அருண்பாண்டி, மெஷினை நிறுத்துலே!"

மடமடவென்று மரம் சாயும் சத்தம்தான் பதிலாக வந்தது.