ஹேங் ஆகும் லேப்டாப்

"வேணாம் தம்பி, கிழட்டு லேப்டாப்பு. மெதுவா ஓடினா ஓடட்டும்," என்று கெர்ட்ரூட் கெஞ்சினாள்.

ஈப்போ கடையிலிருந்து வந்திருந்த தீபன் விடவில்லை. "உங்க நாத்தனார்தான் அனுப்புனாங்கக்கா. குடும்ப மீட்டிங்ல நீங்க பதில் சொல்ற நேரம் பார்த்து ஹேங் ஆவுதாம்லா."

தூசி தட்டி, வேண்டாததை அழித்து, ரேம் மாற்றினான். பத்து வருடக் கிழடு வெட்கமில்லாமல் பட்டென்று விழித்துக்கொண்டது.

"இனிமே ஹேங்கே ஆவாதா?" கெர்ட்ரூட் கவலையோடு கேட்டாள்.

"சான்ஸே இல்லக்கா!"

அவள் கணவன் சில்வெஸ்டர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.

அன்று மாலையே சித்தியவானிலிருந்து அவன் அக்கா ட்ரேசி திரையில் வந்தாள். "தம்பி, போன கிறிஸ்மஸும் எங்க வீட்டுல, அதுக்கு முந்தியும் எங்க வீட்டுல. சொந்தக்காரங்க நாப்பது பேரு. இந்த வருஷம் யாரு வீட்டுல சமையல்?"

சில்வெஸ்டர் திறந்த வாயோடு அப்படியே உறைந்துபோனான். பக்கத்தில் கெர்ட்ரூடும் கண்ணிமைக்காமல் சிலையானாள்.

"ஐயோ, ரிப்பேர் பண்ணியும் ஹேங் ஆயிருச்சே!" ட்ரேசி உற்றுப் பார்த்தாள். "ஆனா பின்னால காத்தாடி மட்டும் நல்லா சுத்துதே!"

உதடு அசையாமல் சில்வெஸ்டர் முனகினான்: "காத்தாடி சுவிட்ச அடைச்சிட்டு வந்து உக்காருன்னு சொன்னேன்லா."

"வேர்க்குதுலா," என்றாள் கெர்ட்ரூட், அவளும் உதடு அசையாமல்.

"பரவால்ல, ஓடட்டும்," என்றாள் ட்ரேசி. "நாப்பது பேரு வாரோம், எங்களுக்கும் காத்து வேணும்."