சிங்க் பொருத்த வந்தவர்கள்

சிங்க் பொருத்த வந்த ஆள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவன் மனைவிதான் சமையல் மேடைக் கல்லில் தண்ணீர் ஊற்றி ஊற்றி மெஷினால் அறுத்துக்கொண்டிருந்தாள். ஒரு நூல் தப்பினாலும் கல் முழுக்க வீண். பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஏம்ப்பா, பொண்டாட்டி கல்லு அறுக்கறா, நீ மாப்பிள்ளை மாதிரி உக்காந்திருக்கியே!”

அவன் சிரித்தான். பிளேடு கோட்டை விட்டு விலகப் பார்த்தபோது மட்டும் கையைத் தூக்கினான். அவள் நிறுத்திச் சரிசெய்துகொண்டாள்.

“வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமோ?”

சிங்கைக் கல்லுக்கு அடியில் பசை வைத்து ஒட்டி, முட்டுக் கொடுத்துவிட்டு அவள் எழுந்தாள்.

“பேசினா அவருக்கு மூச்சு வாங்கும்மா. பதினஞ்சு வருஷம் தண்ணி ஊத்தாமலே அறுத்தாரு. நுரையீரல் பூரா கல்தூசியாம்.”

வீட்டுக்காரம்மாவின் குரல் இறங்கியது. “அப்போ வீட்ல படுக்க வைக்காம எதுக்கும்மா இழுத்துட்டு வர்றே?”

“நான் எங்கே இழுத்துட்டு வர்றேன்? டாக்டர் ரெண்டு மாசம்னு சொன்ன அன்னிக்கே, புள்ளைங்களுக்குச் சோறு வேணும்னு மெஷினை என் கையில குடுத்துட்டாரு. அதுல ஒன்றரை மாசம் போயிடுச்சு. எனக்கு இன்னும் மூலையை வளைச்சு அறுக்க வரலம்மா.”