ஆறாவது சோதனைப் பதிவு

நூலக இணையதளத்தில் வாசகர் கருத்துக்கணிப்பு ஆண்டுதோறும் ஆறு மொழிகளில் வெளியாகும். திறப்பதற்கு முன்பு, ஒவ்வொரு மொழியையும் வீட்டில் பேசுகிற ஒருவர் எல்லாக் கேள்விகளுக்கும் பதில் போட்டுச் சோதித்துப் பார்க்க வேண்டும். பிறகு அந்தச் சோதனைப் பதிவுகளை அழித்துவிட வேண்டும். பொறுப்பாளர் பன்னிரண்டு வருடமாக இதைச் செய்துவருகிறார்.

ஆறாவது மொழி அவர் மனைவியுடையது. சம்பளமில்லாத உத்தியோகம் என்று முணுமுணுத்துக்கொண்டே உட்காருவாள். 'நூலகத்துக்கு உங்கள் ஆலோசனை என்ன?' என்ற கடைசிக் கேள்விக்கு வருடம் தவறாமல் ஒரே பதில்தான்: 'என் வீட்டுக்காரரைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புங்கள்.' அவர் சிரித்துக்கொண்டே அதை அழிப்பார். அழித்துவிட்டு, வழக்கம்போல் தாமதமாகவே வீட்டுக்குப் போவார்.

மூன்று மாதம் முன்பு ஒரு சாயங்காலம் அவள் தவறிப்போனாள். அன்றும் அவர் தாமதமாகத்தான் போனார். ஆறாவது மொழிக்கு இந்த வருடம் ஆள் கிடைக்கவில்லை.

"சார், டெஸ்ட் என்ட்ரி ஆறையும் அழிச்சிடவா? நாளைக்குக் காலையில திறக்கணும்" என்று பக்கத்து மேசைப் பெண் கேட்டாள்.

"ஆறு இல்லம்மா, அஞ்சு."

"இங்க ஆறு காட்டுது சார்."

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஆறாவது மொழிப் பதிவைத் திறந்து பார்த்தார். பதினான்கு கேள்விகளுக்கும் பதில் இருந்தது. கடைசிப் பதிலை எழுத்துக்கூட்டி வாசித்தார். அந்த மொழியில் அவருக்கு அவ்வளவுதான் வரும்.

'இனி அவசரமில்லை. மெதுவாகவே வரட்டும்.'