ஏறும் முன் சில கேள்விகள்

"ஷூ சௌகரியமா இருக்குன்னு சொன்னா, அது உங்க சைஸ் இல்லைன்னு அர்த்தம் மேடம். விரல் நுனி கொஞ்சம் நெருக்கணும். இது நடக்கிற ஷூ இல்ல, ஏறுற ஷூ."

மாஸ்டர் குனிந்து, அன்று புதிதாக வந்திருந்த ஓர் அம்மாளின் ஷூ நுனியை அழுத்திப் பார்த்துவிட்டு, ஒரு சைஸ் சின்னதாக எடுத்துக் கொடுத்தார். பழைய கிடங்கு ஒன்றில் நாற்பதடி உயரத்துக்குப் பயிற்சிச் சுவர் எழுப்பி, மலையேற்றம் சொல்லித் தருபவர் அவர். முன்னறையில் கயிறு, ஹெல்மெட், இடுப்புப் பட்டை எல்லாம் வரிசையாகத் தொங்கின.

அந்த அம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். உயரம் என்றாலே உதறல் என்று வந்ததுமே சொல்லிவிட்டார்.

"அப்புறம் ஏன் மேடம் இந்த விஷப் பரீட்சை?"

"எத்தனை நாளைக்குத்தான் மாஸ்டர் பயந்துக்கிட்டே இருக்கிறது?"

மாஸ்டர் இரண்டு கயிறுகளை எடுத்தார். ஒன்றை விரல்களுக்கு நடுவே ஓடவிட்டவர், பாதியில் நிறுத்தி அதை மூலையில் வீசினார்.

"புதுசாத்தானே இருக்கு?" என்றார் அந்த அம்மாள்.

"மேலே புதுசுதான். இந்த இடத்துல அமுக்கினா தொளதொளன்னு இருக்கு பாருங்க. உள்ளே நைஞ்சு போச்சு."

"கயித்தைக் கீழே நின்னு பிடிக்கப் போறது நீங்கதானே? உங்க எடை எவ்வளவு?"

"எழுபத்தெட்டு. உங்களைத் தாராளமாத் தாங்குவேன்."

"சிகரெட் உண்டா?"

"விட்டு எட்டு வருஷம் ஆச்சு."

"மலையில கூடாரத்துல எல்லாரும் ஒண்ணாவா படுப்பீங்க? பக்கத்துல ஒருத்தர் குறட்டை விட்டா எனக்குத் தூக்கமே வராது."

"விடுறதே நான்தான் மேடம்! அதனால எனக்கு எப்பவும் தனிக் கூடாரம்."

மாஸ்டர் சிரித்தார். அந்த அம்மாள் அவர் வாயையே பார்த்தார்.

"அந்த முன்பல்லு கட்டினதா?"

"ஆமா. பாறையில விழுந்து நொறுங்கிடுச்சு."

சுவரில் மாட்டியிருந்த முதலுதவிப் பெட்டியைத் திறந்து பார்த்தபடி அடுத்த கேள்வி வந்தது. "ஏதாவது மருந்து உங்களுக்கு ஒத்துக்காதா?"

"பென்சிலின். உடம்பெல்லாம் தடிச்சுடும். மாப்பிள்ளைக்கு விசாரிக்கிற மாதிரி விசாரிக்கிறீங்களே! எனக்கு நாற்பத்தாறு ஆகுது மேடம்."

"உங்க கையில உயிரைக் கொடுக்கிறவங்க விசாரிக்க வேண்டாமா?"

அந்த நேரம் பார்த்து மாஸ்டருடைய போன் அடித்தது. அக்கா. காதில் வைக்காமலே ஊருக்கே கேட்கும் குரல்.

"மலை மலையா ஏறினவனுக்குப் பித்தப்பையில ஒரு பொடிக் கல்லு! அதை எடுக்கக் கூட்டிட்டுப் போனா, ரெண்டு தடவையும் ஆஸ்பத்திரியிலேருந்து ஓடி வந்துட்டே. நாளைக்காவது வருவியா, மாட்டியா?"

"அப்புறம் பேசறேன் அக்கா. ஆள் இருக்காங்க."

போனை அவசரமாகப் பைக்குள் போட்டார். அந்த அம்மாள் ஹெல்மெட்டின் வாரை மும்முரமாக இழுத்துக்கொண்டிருந்தார். காதில் விழவில்லை போலும் என்று மாஸ்டர் நிம்மதியானார்.

இடுப்புப் பட்டையை இறுக்கி, இரண்டு விரல் மட்டும் நுழைகிறதா என்று பார்த்தார். முடிச்சை இழுத்துப் பார்த்தார். கொக்கியின் திருகைப் பூட்டி, அந்த அம்மாளையும் ஒருமுறை தொட்டுப் பார்க்கச் சொன்னார்.

முதல் இருபதடி பரவாயில்லை. முப்பதடியில் அந்த அம்மாள் பல்லி மாதிரி சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"மாஸ்டர், முடியல. மேலேயும் போக முடியல, கீழேயும் வர முடியல."

"ஒண்ணும் அவசரமில்ல. மூச்சை இழுத்து விடுங்க. இப்போ ரெண்டு கையையும் எடுத்துட்டு, நாற்காலியில சாயற மாதிரி பின்னாடி சாயுங்க."

"கையை விடவா? நீங்க அந்தப் பக்கம் திரும்பிட்டா?"

"திரும்ப மாட்டேன். நீங்க தரையில கால் வைக்கிற வரைக்கும் எனக்கு வேற வேலையே கிடையாது."

மேலே விரல்கள் ஒவ்வொன்றாகப் பிடியைத் தளர்த்தின. பிறகு ஒரு கை விலகியது. அடுத்த கையும் விலகியது. கண்களை இறுக மூடிக்கொண்டு அந்த அம்மாள் பின்னால் சாய்ந்தார். கயிறு தாங்கியது. மாஸ்டர் அங்குலம் அங்குலமாக இறக்கினார்.

தரையில் கால் பட்டதும் அந்த அம்மாள் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு.

மாஸ்டருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கக்கூடத் தோன்றவில்லை. இந்த அம்மாளே கையை விட்டுவிட்டார். நானோ ஆஸ்பத்திரியில் கட்டிவிட்ட துணியோடு வாசல் வரைக்கும் ஓடினேன். நினைக்கவே அவருக்கு வெட்கமாக இருந்தது. ஓரமாகப் போய்ப் போனை எடுத்தார்.

"அக்கா, காலையில ஏழு மணிக்கு வந்துடு. இல்ல, ஓட மாட்டேன். நிஜமாத்தான் சொல்றேன்."

திரும்பி வந்தபோது அந்த அம்மாள் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுக் கைப்பையோடு எழுந்து நின்றிருந்தார்.

"அடுத்த வாரமும் வருவீங்களா மேடம்?"

"நான் வருவேன். நீங்கதான் ஒரு மாசம் கனமா எதையும் தூக்கக் கூடாது. ராத்திரி பத்து மணிக்கு மேல எதுவும் சாப்பிடாதீங்க."

மாஸ்டர் விழித்தார்.

"ரெண்டு தடவையும் நான் கேள்வி கேட்க வர்றதுக்குள்ள நீங்க ஓடிட்டீங்க. அதான் உங்க அக்காகிட்ட விலாசம் வாங்கிக்கிட்டு நானே வந்து கேட்டுட்டேன்" என்றார் அந்த அம்மாள். "நாளைக்கு ஆபரேஷன்ல உங்களுக்கு மயக்க மருந்து கொடுக்கப் போற டாக்டர் நான்தான்."