அவர் நினைவாக

புது ஹார்ட் டிஸ்க்கை மாட்டிவிட்டு நிமிர்ந்தார் கம்ப்யூட்டர் மெக்கானிக்.

"ஃபார்மட் பண்ணப்போறேன்மா. டிஸ்க்குக்கு என்ன பேர் வைக்கட்டும்?"

"அவர் நினைவாகன்னு போடுங்க." அந்த வீட்டம்மா டம்ளரில் இருந்த டீயை ஸ்பூனால் கலக்கிக்கொண்டே சொன்னாள்.

மெக்கானிக் கீபோர்டை இழுத்துக்கொண்டார். பேரை அடித்தார். 'எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா?' என்று திரை கேட்டது.

"புதுசுல அழிய என்ன இருக்கு, அமுக்குங்க. அவர் போட்டோ, வீடியோ எல்லாத்தையும் ஒண்ணு விடாம அதுல ஏத்திடுங்க. எனக்குன்னு மிச்சம் அதுதானே."

படங்கள் ஒவ்வொன்றாக ஏறின. எல்லாவற்றிலும் ஒரே மீசைக்காரர், வாய் கொள்ளாத சிரிப்பு.

"சின்ன வயசாத்தான் தெரியுது. எப்பம்மா தவறினாரு?"

அவள் ஸ்பூனை டம்ளருக்குள் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

உள்ளறைக் கதவு திறந்தது. அதே மீசை, அதே சிரிப்பு.

"என்ன, இன்னும் முடியலையா?" என்று கேட்டபடி வந்தார் அவர்.

மெக்கானிக்கின் விரல் கீபோர்டிலேயே உறைந்தது.

"இன்னும் இல்லைங்க." அவள் டம்ளரைக் கணவனிடம் நீட்டினாள். "சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிடும்."